எந்த ஸ்கூல்?

நேற்று ராத்திரி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேம் ஆடிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நம்ம ஸ்கூலுக்கு ஸ்பெல்லிங் என்ன?"

"எதுக்கும்மா?"

"இந்த அண்ணா கேக்குறாங்க."

திரையில் தொப்பி போட்ட ஒரு பொம்மை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. திட்டவில்லை, திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். கேமில் முன்பின் தெரியாதவர்களும் பேச முடிகிற 'சாட்' வசதியை அணைத்தேன், பிள்ளைகளின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போனில் போட்டேன். யூடியூப் கிட்ஸில் நாம் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படி வைக்கலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. (இத்தனை நாள் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.)

அப்புறம், பள்ளியின் முகநூல் பக்கத்தைப் பார்த்தேன். ஆண்டு விழாப் படங்களில் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, சீருடை எல்லாமே இருக்கிறது. அந்த 'அண்ணா' கேட்கவே வேண்டியதில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம் பேச வேண்டும்.

குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டினேன். அதைச் சுற்றி அவள் பூ வரைந்து வைத்திருக்கிறாள்.