கமிட் பண்ணித் தொலைச்ச அப்டேட்டை திருப்பி எடுத்த கதை

போன மாசக் கடைசில நடந்தது, இன்னும் கீபோர்டுல எஃப்11 பட்டனைப் பாத்தா வயித்தைக் கலக்குது. கோயம்புத்தூர்ல பம்பு, மோட்டார், ஸ்பேர் பார்ட்ஸ் டிஸ்ட்ரிப்யூஷன் பண்ற ஒரு கம்பெனில டெவலப்பரா இருக்கேன். எங்க டேட்டாபேஸ் ஆரக்கிள் 19சி, ஸ்டாண்டர்ட் எடிஷன். அந்த எடிஷன்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒரே ஒரு மெக்கானிக்கல் சீல் மாடலுக்கு ரேட்டை 172ல இருந்து 185க்கு மாத்தணும், அவ்வளவுதான் வேலை. டேட்டாபேஸுக்கு கட்டளை கொடுக்குற எஸ்க்யூஎல் டெவலப்பர்ல அப்டேட் ஸ்டேட்மென்ட் ரெண்டு லைனா எழுதியிருந்தேன், எந்த ஐட்டத்துக்குன்னு சொல்ற வேர் கண்டிஷன் ரெண்டாவது லைன்ல. மவுஸ்ல செலக்ட் பண்றப்போ முதல் லைன் மட்டும் செலக்ட் ஆகியிருக்கு, நான் கவனிக்கல. ரன் பண்ணேன். கீழ "21,438 ரோஸ் அப்டேட்டட்"னு வந்துச்சு. அதைப் படிச்ச கண்ணுக்கும் விரலுக்கும் நடுவுல ஒரு அரை செகண்ட் இடைவெளி இருந்திருக்கும் போல, ஏன்னா அதுக்குள்ள பழக்க தோஷத்துல எஃப்11 அழுத்திட்டேன். எஃப்11 கமிட், அதாவது மாத்தினதை நிரந்தரமாக்குறது; எஃப்12 ரோல்பேக், அதாவது மாத்தினதைக் கைவிடுறது. பக்கத்து பக்கத்துல வச்சவன் யாருன்னு தெரியல.

காலை மணி 10:41. எங்ககிட்ட இருக்குற எல்லா ஐட்டமும், வாஷர்ல இருந்து அஞ்சு எச்பி மோட்டார் வரைக்கும், 185 ரூபா.

முதல்ல செஞ்ச ஒரே நல்ல காரியம், மணியை ஒரு பேப்பர்ல எழுதி வச்சது. இந்த மாதிரி மாட்டிக்கிட்டா நீங்களும் அதைத்தான் முதல்ல பண்ணணும், பத்து நிமிஷம் கழிச்சு பதட்டத்துல 10:35ஆ 10:45ஆன்னே ஞாபகம் வராது.

பக்கத்து சீட்டுல இருக்குற தம்பி நல்ல பையன், உதவி பண்ணணும்னு ஓடி வந்தான். "அண்ணா, நைட் ஒரு மணிக்கு எடுத்த டம்ப் இருக்குல்ல, டேபிளை ட்ரன்கேட் பண்ணிட்டு இம்போர்ட் பண்ணிரலாம்"னு சொல்லிக்கிட்டே டைப்பும் பண்ண ஆரம்பிச்சுட்டான். டம்ப்னா பேக்கப் காப்பி, ட்ரன்கேட்னா டேபிளை மொத்தமா காலி பண்றது. அவன் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ரெண்டு காரணம். ஒண்ணு, காலைல ஒன்பது மணில இருந்து ரேட் டீம் கிட்டத்தட்ட 300 ஐட்டத்துக்கு புது ரேட் போட்டிருந்தாங்க, அது எதுவும் நைட் டம்ப்ல இருக்காது. ரெண்டாவதுதான் முக்கியம். அப்டேட், டிலீட் பண்ணா பழைய டேட்டா அன்டூங்கிற தற்காலிக இடத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும், அதை வச்சுதான் பின்னாடி போக முடியும். ட்ரன்கேட் அப்படி ரோ ரோவா அன்டூ எழுதாது, அதோட அந்த டேபிளுக்கு அதுக்கு முன்னாடி இருந்த நிலைமைக்குப் போற வழியையும் அடைச்சிரும். டேபிளோட ஒரு நெடுவரிசையை எடுக்குறது, அதோட டைப்பை மாத்துறது, டேபிளை மூவ் பண்றதும் இதே கதைதான். அவன் என்டர் தட்டியிருந்தா இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும்.

சரி, பழைய டேட்டாவைப் பாப்போம்னு என் லாகின்ல இருந்து டேபிள் பேருக்குப் பின்னாடி ஆஸ் ஆஃப் டைம்ஸ்டாம்ப் போட்டு, அதாவது அந்த நேரத்துல டேபிள் எப்படி இருந்துச்சுன்னு காட்டச் சொல்லி, செலக்ட் அடிச்சேன். ஓஆர்ஏ-01031, உனக்கு அனுமதி இல்லை. டேபிள் வேற ஸ்கீமால, அதாவது வேற யூசரோட இடத்துல இருக்கு. அப்டேட் பண்ண உரிமை இருக்கு, செலக்ட் பண்ண இருக்கு, ஆனா இப்படி பழைய நிலைமையைப் பாக்குற ஃப்ளாஷ்பேக்குங்கிறது தனி பிரிவிலேஜ், அதை எனக்கு யாரும் கொடுக்கல. கெடுக்குறதுக்கு உரிமை கொடுத்துட்டு சரி பண்றதுக்கு கொடுக்காம வச்சிருக்காங்க பாருங்க.

டேட்டாபேஸைப் பாத்துக்குற எங்க டிபிஏ சப்போர்ட் வெளி கம்பெனி. போன் போட்டேன்.

"டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டீங்களா சார்?"

"இல்லைங்க, அவசரம், உரிமை கொடுக்குற ஒரே ஒரு கிரான்ட் ஸ்டேட்மென்ட்தான், நானே சொல்றேன்."

"டிக்கெட் நம்பர் இல்லாம புரொடக்ஷன்ல கை வைக்க முடியாது சார். பிரியாரிட்டி என்ன போடட்டும்?"

பிரியாரிட்டி ஒண்ணு போட்டா மேனேஜர் அப்ரூவல் மெயில் வேணுமாம். எங்க மேனேஜர் மீட்டிங்ல. அவர் ரூம் கதவைத் தட்டி, எல்லார் முன்னாடியும் "சார், ரேட் மாஸ்டர் மொத்தமும் போச்சு"ன்னு சொல்ற அந்த நிமிஷத்தை என் எதிரிக்குக் கூட கொடுக்காதீங்க.

இதுல எனக்கு உள்ளுக்குள்ள ஓடிட்டு இருந்தது வேற பயம். அன்டூவை எவ்வளவு நேரம் வச்சிருக்கணும்ங்கிற அன்டூ ரிடென்ஷன் டீஃபால்ட் 900 செகண்ட், அதாவது 15 நிமிஷம். எங்களுதும் அதே 900தான், யாரும் தொட்டதில்லை. மணி அப்பவே 11:05. அப்புறம் மண்டைக்குள்ள உறைச்சது, அந்த 900 ஒரு குறைஞ்சபட்ச இலக்குதான், 15 நிமிஷம் முடிஞ்ச உடனே யாரும் வந்து துடைச்சுட்டுப் போறதில்லை. அன்டூ டேபிள்ஸ்பேஸ்ல இடம் இருக்குற வரைக்கும் பழசு அப்படியே கிடக்கும், புதுசா எழுத இடம் பத்தாதப்போதான் பழசு மேல எழுதும். எங்களுது ஃபிக்சட் சைஸ், நல்லா பெரிசாவே வச்சிருக்காங்க. அப்போ நான் பண்ண வேண்டியது வேற யாரும் அன்டூவைத் தின்னாம பாத்துக்கிறது.

அக்கவுன்ட்ஸ்ல 11:30க்கு மாசக் கடைசி ஸ்டாக் வேல்யூவேஷன் ஜாப் ஓடும், லட்சக்கணக்குல இன்செர்ட், டிலீட். ஓடினேன் அங்க. "அண்ணே, அந்த ஜாப்பை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கண்ணே." "ஏனப்பா, 12 மணிக்குள்ள ஜிஎம்முக்கு கொடுக்கணுமப்பா." விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு, அப்புறம் "போய் வேலையைப் பாரு, நான் சமாளிச்சுக்கிறேன்"னாரு. அவருக்கு ஒரு ஃபுல் மீல்ஸ் கடன்பட்டிருக்கேன்.

11:20க்கு அப்ரூவல் மெயில் போச்சு. உடனே சப்போர்ட் ஆளு தெம்பா, "சார் கிரான்ட் எல்லாம் எதுக்கு, நானே ஃப்ளாஷ்பேக் டேபிள் கமாண்ட் போட்டு மொத்தமா 10:40க்கு கொண்டு போயிடறேன், ரெண்டு நிமிஷம்"னாரு. வேண்டாம்ங்க, 10:41க்கு அப்புறமும் ரேட் டீம் வேலை பண்ணிட்டு இருக்காங்க, அதுவும் சேந்து போயிரும்னு சொல்றதுக்குள்ள அவரு போட்டுட்டாரு. ஓஆர்ஏ-00439, அந்த வசதி இல்லை. ஸ்டாண்டர்ட் எடிஷன்ல ஃப்ளாஷ்பேக் டேபிள் கிடையாது, ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸும் கிடையாது, ரெண்டுமே என்டர்பிரைஸ்லதான். பழைய டேட்டாவைப் படிக்கிற ஃப்ளாஷ்பேக் குவெரி மட்டும் எல்லா எடிஷன்லயும் இருக்கு. லைசென்ஸ் கம்மியா வாங்கினதுக்கு வாழ்க்கைல முதல் தடவையா சந்தோஷப்பட்டேன்.

11:24க்கு கிரான்ட் வந்துச்சு. கை நடுங்க 10:40னு போட்டு செலக்ட் அடிச்சேன். எரர். இந்த நேரம் செல்லாதுங்குது. போச்சுடா, அன்டூ போயிருச்சுன்னு சேர்ல சாஞ்சுட்டேன். தம்பிதான் சர்வரோட நேரம் சொல்ற சிஸ்டைம்ஸ்டாம்ப் என்ன காட்டுதுன்னு ஓட்டிப் பாத்தான், 05:55. சர்வர் யுடிசில ஓடுது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி! நம்ம 10:40 அதுக்கு இன்னும் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் கழிச்சு வரப்போற நேரம், வராத நேரத்துக்கு எப்படிப் பின்னாடி போறது. 05:10னு மாத்தினேன்.

வந்துச்சு. வாஷர் நாலு ரூபா, மோட்டார் 9,450 ரூபா, எல்லாம் பழையபடி வரிசையா. ஆபீஸ்ல கத்திட்டேன்.

வந்த உடனே நேரா மெயின் டேபிளை சரி பண்ண இறங்காதீங்க. அந்த பழைய டேட்டாவை என் ஸ்கீமால ஒரு தனி டேபிளா கிரியேட் பண்ணி வச்சுட்டுதான் தண்ணியே குடிச்சேன். அதுக்கப்புறம் அன்டூ போனாலும் கவலையில்லை.

ஆனா டைம்ஸ்டாம்ப்பை முழுசா நம்பவும் முடியாது, உள்ள அது டேட்டாபேஸ் மாற்றங்களுக்குப் போடுற எஸ்சிஎன்ங்கிற வரிசை நம்பரா மாறுறப்போ சில செகண்ட் முன்ன பின்ன ஆகும், அதோட நான் போட்ட 10:40க்கும் கமிட் ஆன 10:41க்கும் நடுவுல யாராவது நல்ல ரேட் போட்டிருந்தா அது விட்டுப்போயிரும். அதனால வெர்ஷன்ஸ் பிட்வீன் போட்டு அந்த டேபிளோட மாற்றங்களை எல்லாம் இழுத்தேன். ஒவ்வொரு ரோவும் எந்த டிரான்சாக்ஷன்ல, எந்த எஸ்சிஎன்ல மாறுச்சுன்னு வரும். ஒரே டிரான்சாக்ஷன் ஐடில 21,438 ரோ நின்னுச்சு, வேற யாரு, நான்தான். அதோட ஆரம்ப எஸ்சிஎன்ல ஒண்ணு கழிச்சு, அந்த எஸ்சிஎன்ல மறுபடி ஒரு காப்பி எடுத்தேன். அந்த லிஸ்ட்லயே எனக்கு அப்புறம் யாரு கை வச்சிருக்காங்கன்னும் தெரிஞ்சுது, 37 ஐட்டம். அதை விட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும் அந்தக் காப்பில இருந்து பழைய ரேட்டை எடுத்து வைக்கிற மெர்ஜ் போட்டேன். இந்த தடவை ரோ கவுன்ட்டை மூணு பேர் சேந்து பாத்தோம், 21,401. அப்புறம்தான் கமிட். அந்த 37ஐ ரேட் டீம் அக்கா கூட உக்காந்து பேப்பர் லிஸ்ட் வச்சு ஒண்ணொண்ணா டிக் அடிச்சோம். அதுல 2 ஐட்டம் 185னு இருக்கேன்னு அவங்களே குழம்பி பழைய லிஸ்ட்ல இருந்து போன மாச ரேட்டைப் போட்டு வச்சிருந்தாங்க.

ஒரு சின்ன அசிங்கம் மிச்சம் இருந்துச்சு. டேபிள்ல ஒரு ட்ரிக்கர் இருக்கு, ரோ மாறினா மாத்தின தேதியை இன்னைக்குன்னு போட்டுரும். அதை ஆஃப் பண்ணிட்டு மெர்ஜ் போடலாம்னு கேட்டா "அதுக்கு தனி டிக்கெட் சார்"னாரு சப்போர்ட்காரரு. வேண்டாம்ங்கன்னு அப்படியே போட்டேன். சாயங்காலம் வரைக்கும் டீலர் போர்ட்டல்ல எல்லா ஐட்டத்துக்கும் பக்கத்துல "புது ரேட்"னு மின்னிட்டு இருந்துச்சு.

டேபிள் சரியாயிருச்சு, மணி 12:10. ஆனா அந்த ஒன்றரை மணி நேரத்துல டேபிள்ல இருந்து வெளிய போனது எந்த அன்டூலயும் திரும்பி வராது, அதை நான் யோசிக்கவே இல்லை. போர்ட்டல்ல ஆர்டர் போட்டா அந்த நேரத்து ரேட்டை ஆர்டர் டேபிள்ல காப்பி பண்ணிக்கும். பாத்தா 6 ஆர்டர் 185 ரேட்ல உக்காந்திருக்கு. உடுமலைப்பேட்டை டீலர் ஒருத்தர் 10:52க்கே போட்டிருக்காரு, ஒரு எச்பி மோட்டார், பத்து எண்ணம். அவர்கிட்ட பேசச் சொல்லி சேல்ஸ் மேனேஜர் போனை என் கையிலயே கொடுத்துட்டாரு.

"சார், அது சிஸ்டம் தப்புங்க, கேன்சல் பண்ணிரட்டுங்களா?"

"ஏனுங்க தம்பி, ஆடி ஆஃபர்னு நெனச்சுத்தானுங்க போட்டேன். ஸ்கிரீன்ஷாட் கூட எடுத்து வச்சிருக்கறனுங்."

அஞ்சு பேர் சிரிச்சுட்டு கேன்சல் பண்ணிக்கிட்டாங்க. இவரு மட்டும் விடல, கடைசில ஒரே ஒரு மோட்டார் 185க்கு அனுப்பி பேசி முடிச்சோம். இன்னொரு சமாச்சாரம், நான் போட்ட அந்த டிக்கெட் இன்னைக்கு வரைக்கும் ஓப்பன்லதான் இருக்கு, நேத்து கூட "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது"ன்னு மெயில் வந்துச்சு.