கொழுந்தில் ஓடும் வெள்ளிக்கோடு

ஜூன் 13
செங்கோட்டையில் சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. கொல்லைப்புறத்து எலுமிச்சை தளதளவென்று கொழுந்து விட்டிருக்கிறது. போன வருஷம் இதே சமயத்தில் கொழுந்தெல்லாம் சுருண்டு போனதை நோய் என்று நினைத்து கிளையை வெட்டிப் போட்டேன், அது இன்னும் மனசில் உறுத்துகிறது. இந்த முறை லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கொழுந்தின் அடியில், நடு நரம்பை ஒட்டி, பனித்துளி மாதிரி ஒரு பொட்டு. எலுமிச்சை இலைத்துளைப்பான் என்ற பூச்சியின் முட்டை. ஊசி முனையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

ஜூன் 16
பொட்டு இருந்த இடத்திலிருந்து மெல்லிய வெள்ளிக்கோடு கிளம்பிவிட்டது. புழு வெளியே தலைகாட்டவே இல்லை, முட்டையிலிருந்து நேரே இலைத்தோலுக்குள் இறங்கிவிடுகிறது.

ஜூன் 20
கோடு வளைந்து வளைந்து, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி இலை முழுக்க ஓடியிருக்கிறது. நடுவே கறுப்பாக ஒரு இழை, அது புழுவின் எச்சம். வெயிலுக்கு நேரே இலையைப் பிடித்தால் கோட்டின் நுனியில் வெளிர்மஞ்சளாக, தட்டையாக, கால் இல்லாத புழு தெரிகிறது. இலையை அது கடித்துத் தின்பதில்லை, மேல்தோலின் செல்களைக் கீறி சாற்றை மட்டும் குடிக்கிறது. காலியான தோலுக்குள் காற்று புகுவதால்தான் இந்த வெள்ளிப் பளபளப்பு.

புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "ஏட்டி, வளந்த மரம்னா விட்டுரு, தாங்கிக்கிடும். சின்னக் கன்னுன்னாதான் பாக்கணும். முத்துன இலைய அது தொடாது" என்றார். கிளையை வெட்டினால் மறுபடி கொழுந்து வரும், பூச்சிக்கு அது விருந்து வைத்த மாதிரி என்றும் சொன்னார். போன வருஷம் நான் செய்தது அதைத்தான். புழு கீறிய இந்தக் காயம் வழியாகச் சொறிநோய்க் கிருமி சுலபமாக நுழைந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை.

ஜூன் 23
இலையின் ஓரம் மடிந்திருக்கிறது. கடைசிப் பருவத்தில் புழு எதுவும் தின்னாது, நூல் விட்டு ஓரத்தைத் தன் மேல் இழுத்து மூடி, உள்ளேயே கூட்டுப்புழு ஆகிவிடுகிறது. பழைய வேட்டித் துணியைப் பையாகத் தைத்து அந்தக் கிளையில் கட்டிவிட்டேன்.

ஜூன் 30
விடியற்காலை பைக்குள் அந்துப்பூச்சி! இறக்கை மடித்து உட்கார்ந்தால் நீளம் 2 மில்லிமீட்டர் சொச்சம். வெள்ளி போல வெண்மை, முன்னிறக்கையில் பழுப்புக் கோடுகள், நுனியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி, பின்னிறக்கை ஓரமெல்லாம் நீண்ட மயிர்க்குஞ்சம். இத்தனை அழகை வெறும் கண்ணால் தூசி என்றுதான் நினைத்திருப்பேன். கல்கத்தாவிலிருந்து கிடைத்த பூச்சிகளை வைத்து 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1993இல் புளோரிடா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே பையில் இன்னொரு மடிப்பிலிருந்து வந்தது அந்து இல்லை, அதைவிடப் பொடியான ஒரு குளவி. புழுவைத் தின்று வளர்ந்தது. மருந்து அடித்திருந்தால் இதுவும் செத்திருக்கும். குளவியை உடனே மரத்தில் விட்டேன்.

ஜூலை 2
மேற்குப் பக்கக் கிளையில் அடுத்த கொழுந்து வந்திருக்கிறது. அந்தி மயங்கியதும் டார்ச்சோடு போய் நின்றேன். வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தூசி பறந்து இலைக்கு அடியில் உட்கார்ந்தது. அது போனதும் லென்ஸை வைத்துப் பார்த்தேன், நடு நரம்போரம் ஒரு பனித்துளி.