அலகைப் பார்க்காமல் படித்த ரத்த அறிக்கை

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தொற்று உறுதியானது. அவருக்கு வயது 67. சர்க்கரை நோயும் உண்டு. காய்ச்சல் தொடங்கிய ஆறாம் நாள், சி.ஆர்.பி., உடலில் ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துவரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சி.ஆர்.பி. 46 என்று வந்தது. உடலில் அழற்சி மிகும்போது கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் புரதம் அது என்றும், காலில் சீழ் பிடித்தாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது என்றும் டாக்டர் விளக்கினார். அவரை அதிகம் யோசிக்க வைத்தது லிம்போசைட் அளவுதான்: மொத்த வெள்ளணுக்கள் 7,200 இருக்க, அவற்றில் லிம்போசைட் 11 சதவீதமே, அதாவது 800-க்கும் குறைவு. நோய் கடுமையாகிறவர்களிடம் இவ்வணுக்கள் குறைந்து காணப்படுவது வழக்கமாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்.

முதலில் சென்ற லேப் அன்று மூடியிருந்ததால், பழைய வண்ணாரப்பேட்டையில் வேறொன்றில் ரத்தம் கொடுத்தோம். சி.ஆர்.பி. 5.2. நாற்பத்தாறிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டதென்று அக்காவுக்குப் போன் செய்தேன்; அம்மா சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினார். ஆனால் 95 காட்டிக்கொண்டிருந்த ஆக்சிமீட்டர் அன்று மாலை 92 காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98.

டாக்டர் அறிக்கையை வாங்கியதும் எண்ணை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். முதல் லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், இரண்டாவது லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் கணக்கிட்டிருந்தன. டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 5.2 என்பது முதல் லேபின் கணக்கில் 52, குறையவில்லை, கூடியிருந்தது. டி-டைமரிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு வகை அலகுகளில் ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எண்ணைத் தருமாம். படித்தவன் என்ற நினைப்பில் இருந்த எனக்கு அந்த நிமிடம் தலை நிமிரவில்லை.

அன்றிரவே அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜனும், ஆக்சிஜன் தேவைப்படுவோருக்குத் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் வீடு திரும்பினார்.

அதன்பின் முதல் லேபிலேயே பார்த்த சி.ஆர்.பி. அறிக்கையை, இம்முறை அலகின் கீழ்க் கோடிட்டு, டாக்டரிடம் நீட்டினேன். அவரோ அதை வாங்குமுன் அப்பாவைத் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துவரச் சொல்லிவிட்டு, ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்தார்.