கலங்கிய நீரில் யாருக்குக் கண் தெரியும்?

முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் பினாங்கு தெலுக் பஹாங் படகுத்துறையில் போய் நின்றால், ஆற்றுவாய் முழுக்கத் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறம். எனக்கு முகம் வாடிவிட்டது.

"மீன் எங்கேயும் போகலடா, உன் கண்ணுக்குத்தான் தெரியல" என்றார் மாமா, தூண்டிலில் உயிர் இறாலை மாட்டிக்கொண்டே. தெளிந்த தண்ணீர் என்றால் மினுமினுக்கும் பிளாஸ்டிக் மீன் போடுவார். கலங்கினால் வாசமுள்ள இரைதான். கெளுத்திக்கு மீசையே நாக்கு மாதிரி. இருட்டிலும் இரையைத் தேடிப் பிடித்துவிடும்.

1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்துத் தெளிவை அளந்தார். நானும் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஈயக்குண்டு கட்டி இறக்கினேன். ஒரு முழத்துக்குள் மறைந்துவிட்டது. அப்புறம் படகில் கொஞ்சம் வெளியே போனோம். பழுப்பு நீர் கோடு கிழித்தது போல முடிந்து பச்சை தொடங்கும் இடத்தைத் தாண்டி இறக்கினால், ஒரு பாகம் (ஏறக்குறைய ஆறடி) ஆழத்திலும் மூடி வெள்ளையாகத் தெரிந்தது.

எட்ட இருந்தே இரையைப் பார்த்துப் பாயும் மீனுக்குக் கலங்கல் பெரிய இடைஞ்சல். மிதவை உயிர்களைத் தின்னும் குஞ்சு மீனுக்கோ இரை மூக்குக்கு முன்னாலேயே இருக்கிறது; கொஞ்சம் கலங்கினாலும் அதன் சாப்பாடு அவ்வளவாகக் குறையாது. ஒளிந்துகொள்ளத் திரையும் கிடைக்கிறது. அலையாத்திக் காட்டின் மங்கலான நீரில் அத்தனை குஞ்சுகள் வளர இதுவும் ஒரு காரணம். ஆனால் எதிரி வருவதும் அதற்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

இதற்காகச் சேறெல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். மலைச்சரிவை வெட்டிய இடங்களிலிருந்து மழையோடு இறங்கும் மண், அளவு மீறினால் மீனின் செவுளை அடைக்கும், முட்டைகளை மூடும், கடற்புல்லுக்கு வெயில் படாமல் செய்யும். பினாங்கின் மலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலைதான்.

திரும்பும்போது வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று ஆற்றுவாய்க்கு மேலே இரண்டு முறை சுற்றியது, இறங்கவில்லை. நேராக அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பறந்தது. "வேட்டை மீனும் அங்கதான் காத்திருக்கும்" என்று மாமா படகைத் திருப்பினார்.