எஃப்(ஆர்)-க்குள் ஒளிந்திருக்கும் லாம்டா

அண்ட விரிவு வேகமெடுப்பதை விளக்க ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைத் திருத்தும் மாற்று ஈர்ப்பு மாதிரிகளில் வேலை செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் வரியிலேயே வெற்றிட ஆற்றலை, அதாவது வெறும் வெளிக்கே உள்ள, சமன்பாட்டில் லாம்டா என்ற மாறிலியாக வரும் ஆற்றலைச் சுழியம் என்று வைத்துவிட்டு, பிறகு அதன் பேச்சையே எடுப்பதில்லை. கணக்கில் வரும் வெற்றிட ஆற்றல் அளந்ததைவிட எத்தனை மடங்கு பெரிது என்பதற்கு 120 சுழியங்கள் கொண்ட எண்ணை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அது, ஈர்ப்பே குவாண்டம் ஆகிவிடும் பிளாங்க் அளவு வரை கணக்கை நீட்டினால்தான் வரும். அவ்வளவு தூரம் போவானேன்? நன்கு தெரிந்த எலக்ட்ரான் ஒன்றின் பங்கே, அண்ட விரிவு காட்டும் அளவைப்போல் 10-இன் 30-ஆம் அடுக்கு மடங்குக்கு மேல். அதை ஈர்ப்பு ஏன் உணர்வதில்லை என்பதற்குப் பெரும்பாலான மாதிரிகளில் பதிலே இல்லை.

2007-இல் இயற்பியலாளர்கள் ஹுவும் சாவிக்கியும் தந்த எஃப்(ஆர்) மாதிரியைப் பாருங்கள். பொதுச் சார்பியலில் வரும் வெளியின் வளைவோடு (ஆர்), அந்த வளைவின் ஒரு சார்பையும் கூட்டுவதுதான் எஃப்(ஆர்). வளைவு சுழியமானால் மாறிலி மறைகிறது, உண்மைதான். வளைவு மிகுந்த இடத்தில் அதே சார்பு கழித்தல் 2 லாம்டாவாகவே நடந்துகொள்கிறது. வாசலில் அனுப்பிய ஆள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார்.

கணினியில் ஓட்டும்போது வரும் தொல்லைகள் வேறு. முற்கால அண்டத்தில், இம்மாதிரி ஈர்ப்போடு கூடுதலாகக் கொண்டுவரும் ஸ்கேலர் புலத்தின் நிறை மிகப் பெரிது. புலம் படுவேகமாக அதிரும், நிரல் காலப்படியைக் குறுக்கிக்கொண்டே போய் நின்றதுபோல் ஆகிவிடும். தொடக்கத்தில் பொதுச் சார்பியலையே ஓடவிட்டு, விலகல் கணக்கில் வரும் காலத்தில் புதிய சமன்பாடுகளுக்கு மாறுவதுதான் வழி. பொதுச் சார்பியலிலிருந்து விலகலை அளக்கும் ஆல்ஃபா என்ற அளபுருக்கள் எல்லாவற்றையும் சுழியமாக்கி ஒரு ஓட்டம் ஓட்டி, அண்டவியல் கணக்குக்கான வழக்கமான கிளாஸ் (CLASS) நிரலின் விடையோடு ஒத்துப்பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இன்னொரு பொறி, நிலைத்தன்மைச் சோதனை. புலத்தின் சிற்றலைகள் செல்லும் ஒலிவேகத்தின் இருமடி எதிர்க்குறியானால் அவை கட்டுக்கடங்காமல் வளரும் என்பதால், அந்தப் புள்ளியை நிரல் தள்ளிவிடும். அதனால் அளபுருவெளியில் செங்குத்தான ஓரம் உருவாகிறது. முடிவு அந்த ஓரத்தை ஒட்டிக் குவிந்தால், தரவு அங்கே இழுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். தள்ளப்பட்ட புள்ளிகளை ஒரே ஒருமுறை வரைந்து பார்த்தால் உண்மை தெரியும்: இழுத்தது வேலி.

2017 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு ஈர்ப்பலை வேகம் ஒளிவேகத்திலிருந்து விலகுவதை அளக்கும் ஆல்ஃபா-டி மட்டும் கவலையில்லை. என்ஜிசி 4993 மண்டலத்தில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையும் காமாக் கதிரும், சுமார் 13 கோடி ஒளியாண்டு கடந்து 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. வேக வேறுபாடு 10 கோடி கோடியில் (10-இன் 15-ஆம் அடுக்கில்) சில பங்குக்குள் அடங்கியது. ஈர்ப்பலையின் வேகத்தை மாற்றும் குவார்ட்டிக், குவின்டிக் கலிலியான்கள் என்ற ஸ்கேலர் புல மாதிரிகள், விரிவை முடுக்கும் இருள் ஆற்றலுக்கான பட்டியலிலிருந்து பெரும்பாலும் கழன்றன. எஃப்(ஆர்) தப்பியது, அதில் ஈர்ப்பலை ஒளிவேகத்தில்தான் போகும். லாம்டாவும் அங்கேயே இருக்கிறது.