படிப்பகத்துக்கு ஒரு சர்வர்: நாட்குறிப்பு

2024 ஜூலை 6, சனி

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய லேப்டாப் இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ரேம் 4 ஜிபிதான். டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டு டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) மட்டும் நிறுவினேன். படிப்பகத்தில் 3,000 சொச்சம் புத்தகங்கள். அங்கே வருகிற யாரும் வைஃபையில் இணைந்து, போனிலேயே பட்டியலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. முன்பு வாடகை இணைய இடத்தில் இருந்த பட்டியலின் எஸ்கியூஎல் பேக்கப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) ஒன்று கையில் இருக்கிறது.

பேட்டரி இன்னும் முக்கால் மணி நேரம் தாங்குகிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் தேவைப்படாது. மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி லாகின்டி (மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் நிரல்) அமைப்பை மாற்றினேன்.

ஜூலை 7, ஞாயிறு

பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி 2.4, டேட்டாபேஸுக்கு மரியாடிபி 10.11, பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி பிஎச்பி 8.2. மூன்றும் ஒரே ஆப்ட் (டெபியனின் நிறுவி) கட்டளையில் இறங்கின. பிரவுசரில் டெபியனின் வரவேற்புப் பக்கம் வந்தது.

பிஎச்பியை எஃப்பிஎம் (அதைத் தனிச் சேவையாக ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். நிறுவினால் மட்டும் அப்பாச்சிக்கு அது தெரிந்துவிடாது. சோதனைப் பக்கத்தைத் திறந்தபோது நிரல் அப்படியே எழுத்தாக வந்து விழுந்தது. அப்பாச்சியை அதனோடு இணைக்கும் ப்ராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூலையும் எஃப்பிஎம் அமைப்பையும் இயக்கிய பிறகுதான் வேலை செய்தது. அந்தப் பக்கத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்திருந்தால் அதுவும் வெளியே வந்திருக்கும். கடவுச்சொல் கோப்பை உடனே இணைய அடைவுக்கு (அப்பாச்சி வெளியே காட்டும் ஃபோல்டருக்கு) வெளியே நகர்த்தினேன்.

மரியாடிபியின் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனருக்குக் கடவுச்சொல் வைக்கவில்லை. டெபியனில் அது சாக்கெட் (அதே கணினிக்குள்ளான இணைப்பு) வழியாக, கணினியின் ரூட்டுக்கு மட்டுமே திறக்கும். பட்டியலுக்குத் தனிப் பயனர் ஒன்று உருவாக்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை. கோப்புகளை என் ஹோம் அடைவில் வைத்திருந்தேன்; அதற்குள் நுழைய அப்பாச்சிக்கு அனுமதி இல்லை. கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, அது வரைக்கும் உள்ள ஒவ்வொரு அடைவும் திறந்திருக்க வேண்டும். சர்வர் கோப்புகளுக்கென்றே உள்ள எஸ்ஆர்வி அடைவுக்கு மாற்றினேன். மறுபடியும் 403. ஆனால் பிழைப் பதிவு இப்போது வேறு காரணம் சொன்னது: அப்பாச்சியின் அமைப்பே அந்த அடைவை மறுக்கிறதாம். திரையில் ஒரே எண்தான், காரணம் இரண்டு. பதிவைப் படிக்காமல் அனுமதிகளை அகலத் திறந்துவிடுவது ஆபத்து.

ஜூலை 13, சனி

பேக்கப்பை ஏற்றினேன். தமிழே இல்லை. எங்கு பார்த்தாலும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்து, துணைக்கால், புள்ளி போன்றவை) மூன்று பைட். பதினாறடிமான எண்ணில் முதல் பைட் எப்போதும் ஈ0; இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். பழைய அட்டவணை லத்தீன்1 (ஒரு எழுத்துக்கு ஒரே பைட் என்ற மேற்கு ஐரோப்பிய முறை) என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி வைத்திருக்கிறது. தமிழ் அழியவில்லை, உருமாறிக் கிடக்கிறது.

ஐகான்வ் (எழுத்து முறைகளை மாற்றும் கருவி) கொண்டு திருப்பப் பார்த்தேன். மெய்யெழுத்தின் முதல் புள்ளியிலேயே நின்றுவிட்டது! புள்ளியின் கடைசி பைட் 8டி. மரியாடிபி லத்தீன்1 என்று அழைக்கும் விண்டோஸ்-1252 எழுத்து அட்டவணையில் அந்த இடம் காலி. தவறுகளைத் தள்ளிவிட்டுப் போ என்றால் பட்டியலில் ஒரு மெய்யெழுத்துகூடத் தேறாது.

ஜூலை 14, ஞாயிறு

மரியாடிபி தன் லத்தீன்1இல் அந்தக் காலி இடங்களையும் அப்படியே காப்பாற்றி வைக்கிறது. எனவே அதையே லத்தீன்1இல் டம்ப் (முழு நகல்) எடுக்கச் சொன்னேன். கோப்புக்குள் லத்தீன்1 என்று இருந்த இடங்களை யூடிஎஃப்8எம்பி4 (மரியாடிபியில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) என்று மாற்றித் திரும்ப ஏற்றினேன். தமிழ் வந்தது. மனசு நிறைந்தது.

ஆனால் 41 வரிகள் ஏற மறுத்தன. தலைப்புப் புலத்தின் நீளம் 100. லத்தீன்1இல் அது 100 பைட். தமிழுக்கு 33 குறிகள்தான். பெரும்பாலான உயிர்மெய்க்கு இரண்டு குறி ஆகும் என்பதால் 20 எழுத்து தாண்டினாலே தலைப்பு வெட்டுப்பட்டிருக்கிறது, சிலது எழுத்தின் நடுவிலேயே. எல்லையில் சுத்தமாக வெட்டுப்பட்டவை பிழை காட்டாமல் உள்ளே வந்துவிடும். ஆகவே சரியாக 100 பைட் நீளமுள்ள தலைப்புகளைப் பழைய அட்டவணையில் தேடினேன். மொத்தம் 58. இவற்றை மீட்க எந்தக் கட்டளையும் இல்லை; அலமாரிக்குத்தான் போக வேண்டும்.

ஜூலை 20, சனி

லேப்டாப்பைப் படிப்பகத்தில் வைத்தாயிற்று. நூலகர் அக்கா போனில் பட்டியலை உருட்டிப் பார்த்தார். "தம்பி, 'கனவு' எப்படி 'கபிலர்'க்கு முன்னாடி வருது?"

நான் கவனிக்கவே இல்லை. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்கான பழைய குறிமுறையான இஸ்கியைப் பின்பற்றி அமைந்தது. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நமக்கோ ற-வும் ன-வும் கடைசி. குறி எண்ணைப் பார்த்து அடுக்கினால் இப்படித்தான் வரும். 30 வருடங்களாக அகராதி வரிசையில் அட்டை அடுக்கியவருக்கு அது ஒரே பார்வையில் பட்டுவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

பிஎச்பியின் இன்ட்ல் (பல மொழி வேலைகளுக்கான) நீட்சியை நிறுவி, அதிலுள்ள தமிழ் வரிசைப்படுத்தியைக் கொண்டு ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரிசைச் சாவி உருவாக்கித் தனிப் புலத்தில் வைத்தேன். கபிலர் முன்னால் வந்துவிட்டார்.

அப்புறம் மதியம் முழுக்க அலமாரிதான். அக்கா முதல் பக்கத்தைத் திறந்து தலைப்பை வாசிக்க, நான் தட்டினேன். 58இல் 55 முடிந்தன. மூன்று புத்தகங்கள் இரவலில் இருக்கின்றன. திரும்பி வந்ததும் அட்டையைப் படம் எடுத்து அனுப்புவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.