பிராக்டிகலில் ரிவெட் கழற்றும் ஜாப் வந்தால்

ஷீட் மெட்டல் (தகட்டு வேலை) தொழிற்பயிற்சித் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். நான் பயந்தது பிராக்டிகலுக்குத்தான், கடைசியில் மார்க்கை அள்ளிக் கொடுத்ததும் அதுதான். சிபிடி (கணினியில் எழுதும் தேர்வு) பற்றி எழுத ஒன்றுமில்லை, பழைய வினாக்களைப் போட்டுப் பார்த்தால் போதும். அடுத்து ஷீட் மெட்டல் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக ரிவெட் ஜாப்பை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்தது லோடு வண்டி ஃபிரேமின் ஒரு துண்டு. அதில் பலவகை பிளைண்ட் ரிவெட்டுகள், அதாவது தகடுகளை ஒரு பக்கத்திலிருந்தே அடித்து இணைக்கும் ஆணிகள். எது என்ன ரகம் என்று எழுதிவிட்டு, துளை பெரிதாகாமல் கழற்ற வேண்டும். வகுப்பில் சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டைத் தவிர வேறு எதையும் எங்களுக்குக் காட்டவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. வேதாரண்யம் பக்கம் உப்பு லாரிகளுக்குப் பாடி வேலை செய்யும் மாமாவின் பட்டறைதான் கைகொடுத்தது. இரும்புச் சட்டத்தில் அடித்த அலுமினிய ரிவெட் உப்பு ஈரம் பட்டால் சீக்கிரம் அரித்து வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். அதனால் அங்கே கழற்றுகிற வேலைக்குப் பஞ்சமே இல்லை.

மாமா சொன்னது ஒன்றுதான்: "மொதல்ல நடுவுல இருக்கற கம்பியப் பாருடா, அப்புறம் டிரில்ல தொடு."

இதை மட்டுமாவது மறக்காதீர்கள். ரிவெட்டின் உடல் அலுமினியமாக இருந்தாலும் நடுவில் தங்கிவிட்ட மேண்ட்ரல் (ரிவெட்டை இறுக்க இழுக்கும் கம்பி) துண்டு பெரும்பாலும் இரும்பு. நேராக டிரில் வைத்தால் பிட் கெட்டியான கம்பியில் வழுக்கி, மென்மையான பக்கம் ஓடிவிடும். துளை முட்டை வடிவமாகும். பின்-பஞ்ச் (மெல்லிய தட்டுக் கம்பி) வைத்து அந்தக் கம்பியைத் தட்டி இறக்கிவிட்டால் பிட் தானாகவே நடுவில் உட்காரும். பக்கத்து மேஜையில் எடுத்தவுடன் டிரில் ஓடியது, பிட் கிறீச்சிட்டு நழுவும் சத்தமும் கேட்டது. அதைக் கேட்ட பிறகும் நான் அவசரப்படவில்லை. கிடைத்த நேரத்தில் கணிசமான பகுதியைப் பார்ப்பதற்கே செலவழித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பார்க்க வேண்டியவை:

- நடுவில் பள்ளம், உள்ளே உடைந்த கம்பி முனை: சாதாரண ரகம். தட்டினால் இறங்கும்.
- கம்பி தலைமட்டத்துக்கு நிற்கிறது, சுற்றிலும் பூட்டு வளையம் தெரிகிறது: ஸ்ட்ரக்சுரல் (பாரம் தாங்கும்) ரகம். மோனோபோல்ட், மேக்னா லாக் எல்லாம் இந்தக் குடும்பம். தட்டினால் அசையாது. சென்டர் பஞ்ச் (நடுவில் குழி போடும் கூர்முனை) அடித்து, சிறிய பிட்டால் பூட்டு இருக்கும் ஆழம் வரை மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.
- எந்த உலோகம் என்று பார்க்கக் காந்தத்தை நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டமே இழுக்கும். தலை ஓரத்தில் அரத்தால் லேசாக ஒரு கீறல் போடுங்கள். அலுமினியத்தில் உடனே கீறல் விழும், ஸ்டெயின்லெஸ் எதிர்த்து நிற்கும்.
- சாதாரண உருண்டைத் தலையின் விட்டம் உடலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 9.5 மி.மீ. தலை என்றால் உடல் 4.8. அகலத் தலை ரகத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பட்டறையில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), ஒன்றரை நூல் என்றே பேசிப் பழகியிருப்போம். விடைத்தாளில் 3.2, 4.8 என்று மி.மீ.யில் எழுதுங்கள்.

டிரில் பிட் ரிவெட் உடலின் அளவுக்கு மேல் போகக் கூடாது. 4.8 ரிவெட்டுக்கு துளை 4.9, அதைத் தொடாமல் தலையை மட்டும் அறுக்க வேண்டும். தலை கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பஞ்சால் தட்டினால் விழுந்துவிடும். தலை மட்டுமில்லாமல் ரிவெட்டே முழுசாகச் சுழன்றால் மேலும் அழுத்தாதீர்கள், சூடுதான் ஏறும். மெல்லிய உளி முனையைத் தலைக்கு அடியில் செருகிப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொட்டால் மார்க் போகும், சொல்லவே வேண்டாம்.

உள்ளீடற்ற பாக்ஸ் செக்‌ஷனாக இருந்தால் துண்டுகள் உள்ளே விழுந்து கிடக்கும். குலுக்கி எடுத்துவிடுங்கள், பிசிறு நீக்கி, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் பிரைமர் தடவுங்கள். தேர்வாளர் இதைக் குனிந்து பார்த்தார்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த கேள்வி, கழற்றிய இடத்தில் திரும்ப என்ன அடிப்பாய் என்பது. அதே உலோகம், அதே ரகம், தகடுகளின் மொத்தக் கனத்துக்குப் பொருந்தும் கிரிப் நீளம் என்றேன். ஸ்ட்ரக்சுரல் இருந்த இடத்தில் சாதாரண பாப் ரிவெட் போட்டால் ஏன் தாங்காது என்று அடுத்துக் கேட்டார். உள்ளே பூட்டிக்கொண்ட கம்பியும் சேர்ந்து வெட்டு விசையை (தகடுகளைப் பக்கவாட்டில் நழுவவிடும் விசையை) தாங்குகிறது, சாதாரண ரகத்தில் அந்தக் கம்பி நாளடைவில் உதிர்ந்தும் போகலாம் என்று பதில் சொல்லுங்கள்.